எட்டு இருக்கை: மி-24பி-யும் ஒரு சிமுலேட்டர் எண்ணாமல் விட்டதும்

போர் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். கிராஃபிக்ஸ் எப்படி? ரியலிஸ்டிக்கா இருக்கா? முதல் கேள்விக்கு நாலு படம் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். இரண்டாவதுதான் சிக்கல். நிஜம் மாதிரி என்றால் யாருடைய நிஜம் மாதிரி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அதைக் கேட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. எடுத்துக்கொண்ட பொருள், டி.சி.எஸ். வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரில் வரும் மி-24பி ஹெலிகாப்டர். ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் இதை முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்டது. (மில் என்ற வடிவமைப்பாளர் பெயரின் முதல் எழுத்துகள்தான் 'மி'. நம் பத்திரிகைகளில் எம்.ஐ.-24 என்று எழுதுவார்கள். நான் மி-24 என்றே எழுதுகிறேன்.)

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஹெலிகாப்டரின் இயந்திரத்தை டி.சி.எஸ். அளவுக்கு நுணுக்கமாக வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்த விளையாட்டுகள் மிகக் குறைவு. ஆனால் இந்த இயந்திரம் எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரணம் மட்டும் அதில் இல்லை. அந்தக் காரணம், விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் எட்டு இருக்கைகள்.

பறக்கும் கவச வண்டி

1960-களில் வியட்நாமில் அமெரிக்கா ஹெலிகாப்டரைப் பயன்படுத்திய விதத்தை உலகமே கவனித்தது. ஹியூவி ஹெலிகாப்டரில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய் நேராகச் சண்டைக்களத்தில் இறக்குவது. இதில் ஒரு பிரச்சினை வந்தது. இறங்கும் இடத்தில் எதிரி காத்திருந்தால் தகர டப்பா மாதிரி இருக்கும் ஹியூவி என்ன செய்யும்? அமெரிக்கர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஆள் ஏற்ற ஹியூவி, காவலுக்குச் சுட கோப்ரா. கோப்ரா 1967-இல் களத்துக்கு வந்தது.

சோவியத் யூனியனில் மிகயீல் மில் வேறு விதமாக யோசித்தார். தரையில் சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் கவச வண்டிக்கு மேலே ஒரு பீரங்கி இருக்கிறதல்லவா? ஆளையும் கொண்டுபோகும், இறக்கிவிட்ட பிறகு கூடவே நின்று சுடவும் செய்யும். அதையே பறக்க வைத்தால் என்ன? 1966-இல் மாதிரி வடிவம் தயாரானது. 1969 செப்டம்பரில் முதல் மி-24 பறந்தது. 1970 ஜனவரியில் மில் இறந்துபோனார். தன் யோசனை எப்படி முடிந்தது என்று பார்க்க அவர் இல்லை.

அவர் யோசனையின் சாரம் இதுதான்: முன்னால் ஆயுதம், நடுவில் எட்டுச் சிப்பாய்கள். இருபக்கமும் மேலும் கீழுமாகப் பிளந்து திறக்கும் கதவுகள். கீழ்க்கதவின் உட்புறமே படிக்கட்டு. பின்னறை ஜன்னல்களைத் திறந்து, அங்கே இருக்கும் தாங்கியில் துப்பாக்கியைப் பொருத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே சிப்பாய்கள் சுடலாம். தாக்கும் ஹெலிகாப்டர்களில் பயணிக்கு ஜன்னல் வைத்துக் கட்டியது வேறு எதுவும் சட்டென்று நினைவுக்கு வருகிறதா? அபாச்சியில் கிடையாது, கோப்ராவில் கிடையாது. மி-24 இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கனமாக இருப்பதற்கு அந்த அறைதான் முதல் காரணம்.

டி.சி.எஸ்.ஸில் வருவது 1980-களின் மி-24பி. இதில் மூக்கின் கீழே சுழலும் இயந்திரத் துப்பாக்கி இல்லை. வலப்பக்கம் அசையாமல் பொருத்திய 30 மில்லிமீட்டர் இரட்டைக் குழல் பீரங்கி, 250 குண்டுகள். குறி வைக்க வேண்டுமென்றால் ஹெலிகாப்டரையே திருப்ப வேண்டும்.

எதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்

குறை சொல்லுமுன் நியாயமாகப் பாராட்டிவிட வேண்டும். பாராட்ட நிறையவே இருக்கிறது.

முதலில் இறக்கை. மி-24-க்கு இருபுறமும் கீழ்நோக்கிச் சரிந்த குட்டை இறக்கைகள் உண்டு. ராக்கெட் தொங்கவிடத்தான் என்று நினைப்போம். அது பாதி உண்மை. வேகமாகப் பறக்கும்போது மொத்தத் தூக்குவிசையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால்வாசி வரை இந்த இறக்கைகளே தருகின்றன. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் இந்தப் பெரிய உடம்பு ஓடுவதற்கு அது ஒரு காரணம். ஆனால் அந்தரத்தில் நிற்கும்போது அதே இறக்கை பாரம். ரோட்டர் கீழே தள்ளும் காற்று அதன் மேலேயே மோதுகிறது. வேகத்தில் நண்பன், நின்றால் சத்துரு.

டி.சி.எஸ்.ஸில் இதை நீங்கள் கையிலேயே உணரலாம். வேகமாகப் போகும்போது தண்டவாளத்தில் ஓடுவது மாதிரி இருக்கும். இறங்கலாம் என்று வேகத்தைக் குறைத்தீர்களோ, மணிக்கு எண்பது, அறுபது என்று முள் விழும்போதே வண்டி கனக்க ஆரம்பிக்கும். அவசரப்பட்டு நேராகக் கீழே இறக்கினால் ரோட்டர் தான் தள்ளிய காற்றுக்குள் தானே மூழ்கிவிடும். எவ்வளவு விசை கொடுத்தாலும் கல் மாதிரி விழும். மி-24 ஓட்டப் பழகும் எல்லோரும் இந்த இடத்தில் பத்து முறையாவது செத்திருப்பார்கள்.

ரோட்டர் தண்டு உடம்போடு ஒப்பிட்டால் வலப்புறம் இரண்டரை டிகிரி சாய்ந்திருப்பதையும் விட்டுவைக்கவில்லை. சரியாகப் பறந்தாலும் வண்டி லேசாகச் சாய்ந்தே நிற்கும். புதிதாக வந்தவர்கள் ஜாய்ஸ்டிக்கில் கோளாறு என்று நினைப்பார்கள். கோளாறு இல்லை, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

முழுப் பாரத்தோடு செங்குத்தாக எழும்ப முடியாமல், விமானம் மாதிரி ஓடுபாதையில் உருண்டு எழும்ப வேண்டியிருப்பதும் இதில் வருகிறது. ஆப்கானிஸ்தானில் வெயிலும் உயரமும் சேர்ந்த இடங்களில் சோவியத் விமானிகள் இப்படித்தான் கிளம்பினார்கள். சூடான காற்றும் உயரமான இடத்துக் காற்றும் மெலிந்தவை. மெலிந்த காற்றில் ரோட்டருக்குப் பிடி கிடைக்காது. விளையாட்டில் வெப்பநிலையை ஏற்றிப் பாருங்கள். நேற்று எழும்பிய அதே எடை இன்று எழும்பாது. இயற்பியலுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் விளையாட்டு என்பதால்தான் அடுத்து வரும் குறை உறுத்துகிறது.

பெத்ரோவிச் என்றொரு மனிதர்

மி-24-இல் முன்னிருக்கையில் ஆயுத இயக்குநர், அவருக்குப் பின்னால் சற்று உயரத்தில் விமானி. தனியாக விளையாடினால் மற்ற இருக்கையில் கணினி உட்காரும். அந்தக் கணினி ஆளுக்கு டி.சி.எஸ். ஒரு பெயர் வைத்திருக்கிறது: பெத்ரோவிச்.

ரஷ்யாவில் ஒருவரைத் தந்தை பெயரால் மட்டும் கூப்பிடுவதில் ஒரு தனி நெருக்கம் உண்டு. ஒர்க்ஷாப்பில், தொழிற்சாலையில், அனுபவப்பட்ட மூத்த ஆளைக் கூப்பிடும் முறை. நம்மூரில் 'தலைவரே', 'வாத்தியாரே' என்பது மாதிரி. அந்த ஒரு பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பெத்ரோவிச் இலக்கைத் தேடுவார், கண்டதைச் சொல்வார், ஏவுகணையைச் செலுத்துவார். ஷ்தூர்ம் ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ள முடியாது. போய்ச் சேரும்வரை அவர் குறியைப் பிடித்தே இருக்க வேண்டும். முழுத் தூரமான 5 கிலோமீட்டர் என்றால் பத்து நொடிக்கு மேல். அதுவரை நீங்கள் வண்டியை ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும். எதிரே இருந்து சுட்டுக்கொண்டிருப்பான், நீங்கள் அவருக்காகப் பொறுத்திருப்பீர்கள். ஒரு நிரலோடு இப்படி ஒரு உறவு உண்டாவது சாதாரண விஷயம் இல்லை. இதை விளையாடுகிறவர்கள் பெத்ரோவிச்சை ஒரு சக ஊழியர் மாதிரியே பேசுவார்கள், திட்டுவார்கள்.

ஆக, ஒரு மனிதர் கூட இருக்கிறார் என்ற உணர்வைக் கொண்டுவர இந்த நிறுவனத்துக்குத் தெரியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

பின்னால் இருப்பவர்கள் எத்தனை கிலோ?

இப்போது பின்னறைக்கு வருவோம்.

டி.சி.எஸ்.ஸில் மி-24-இல் ஆள் ஏற்றலாம், இறக்கலாம். ஏற்றினால் என்ன ஆகும்? வண்டியின் எடை கூடும். ஆளுக்கு ஆயுதத்தோடு 100 கிலோ என்று வைத்தால் எட்டுப் பேருக்கு 800 கிலோ. சுமார் 12 டன்தான் உச்ச எடை என்ற வண்டிக்கு 800 கிலோ சின்ன விஷயம் இல்லை. எழும்ப அதிக தூரம் ஓடும், திரும்பும்போது கனக்கும். இயற்பியல் அச்சு அசலாகச் சரி.

அவ்வளவுதான். வேறெதுவும் ஆகாது.

நீங்கள் மலை இடுக்கில் புகுந்து தலைகுப்புறத் திருப்பினாலும் அவர்கள் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். சக்கரம் உடையும் அளவுக்குத் தரையில் மோதி இறக்கினாலும் யாருக்கும் இடுப்பு ஒடியாது. பக்கவாட்டில் குண்டு துளைத்தால் ஹைட்ராலிக் போகும், என்ஜின் போகும், பெத்ரோவிச் பதறுவார். பின்னாலிருந்து ஒரு முனகல்கூட வராது. சிப்பாய்கள் எரிபொருள் மாதிரி. இருந்தால் எடை, இறக்கினால் எடை குறைவு.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இது ஏன் நடக்கிறது என்று புரியும். எந்த அமைப்பை வடிவமைத்தாலும், எதற்கு ஒரு தனி வகை உருவாக்குகிறோம், எதை ஒரு எண்ணாகச் சுருக்குகிறோம் என்று முடிவு எடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும் விரிவாகச் செய்ய நேரமும் பணமும் இருக்காது. ஆனால் அந்த முடிவு வெறும் தொழில்நுட்ப முடிவு இல்லை. எதை எண்ணாகச் சுருக்கினோமோ அது முக்கியமில்லை என்று சொல்லிவிட்டோம் என்றே பொருள். இங்கே என்ஜின் எண்ணெயின் அழுத்தத்துக்கு ஒரு மீட்டர் இருக்கிறது, அது சூடாகிறது, குளிர்கிறது, கசிகிறது. எட்டு மனிதர்களுக்கு ஒரு கிலோ கணக்கு இருக்கிறது.

விமானியின் வேலையை உருவகப்படுத்துவதுதான் விமான சிமுலேட்டரின் வேலை, பயணிகளைப் பற்றி அது ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் ஆள் ஏற்றிய ஹெலிகாப்டரை ஓட்டும் விமானியின் வேலையே பயணிகளால்தான் மாறுகிறது. காலி வண்டியைத் திருப்புவது போல அவர் திருப்ப மாட்டார். எந்தச் சரிவில் இறங்குவது, எத்தனை நொடி நிற்பது, சுடப்படும் இடத்தில் இறங்குவதா திரும்புவதா என்ற முடிவு எல்லாம் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் எடுப்பவை. அந்த நினைப்பை உருவகப்படுத்தாத சிமுலேட்டர் விமானியின் வேலையையே பாதிதான் செய்திருக்கிறது.

மொக்கை இயற்பியல், நிறைந்த அறை

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விளையாட்டு. செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் 2009-இல் வெளியிட்ட ஆர்மா 2. இதிலும் மி-24 வருகிறது. பறக்கும் விதத்தை டி.சி.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். காற்றுக்குள் மூழ்குவது கிடையாது, இறக்கைக் கணக்கு கிடையாது. விசைப்பலகையிலேயே ஓட்டிவிடலாம். காக்பிட்டில் பாதி பொத்தான் வெறும் படம்.

ஆனால் இதில் பின்னறையில் எட்டுப் பேர் உட்காரலாம். அந்த எட்டில் ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று விளையாடாதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். உள்ளே உட்கார்ந்தபின் நீங்கள் செய்ய ஒன்றுமே இல்லை. ஜன்னல் வழியாகத் தரை சாய்வது தெரியும். எங்கிருந்தோ சுடுகிறார்கள், எங்கிருந்து என்று தெரியாது. முன்னால் இருப்பவன் என்ன நினைத்துக்கொண்டு இப்படித் திருப்புகிறான் என்றும் தெரியாது. நண்பர்களோடு இணைந்து விளையாடினால் அந்த விமானி உங்களுக்குத் தெரிந்த ஆள், ஏற்கெனவே ரெண்டு தடவை மரத்தில் மோதியவன். இறங்கும் இடம் வரும்வரை நம் உயிர் அடுத்தவன் கையில். கதவு திறந்து வெளியே ஓடும்போது பயத்தைவிட நிம்மதிதான் முதலில் வரும்.

முன்னிருக்கையில் இருப்பவனுக்கும் இது தெரியும். பின்னால் ஏழெட்டுப் பேர் மைக்கில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை இறக்கிவிட்டால்தான் அவன் வேலை முடிந்தது. மோதினால் எட்டுப் பேருடைய அரைமணி நேரம் அவனால் போய்விட்டது. அதனால் மெதுவாகத் திருப்புகிறான், இறங்கும் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறான். இயற்பியல் சொல்லிக்கொடுக்காத எச்சரிக்கையை மனிதர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இதே நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆர்மா 3-இல் எதிர்கால ஹெலிகாப்டர் ஒன்றைக் கற்பனையாக உருவாக்கினார்கள். பெயர் கைமான், முதலை இனம். நிஜ மி-24-க்கு ரஷ்யச் செல்லப்பெயரே முதலைதான். அந்தக் கற்பனை ஹெலிகாப்டரிலும் எட்டுப் பேர் உட்கார அறை வைத்தார்கள். மில்லின் யோசனையின் மையம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வரலாறே அறையைக் காலி செய்யவில்லையா?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டாமல் போக முடியாது. நிஜத்திலேயே மி-24 பெரும்பாலும் ஆள் ஏற்றவில்லை.

உண்மைதான். ஆப்கானிஸ்தான் மலைகளில் முழு ஆயுதமும் எட்டுப் பேரும் சேர்ந்தால் வண்டி தூக்கவில்லை. ஒன்றைக் கைவிட வேண்டும். கைவிட்டது ஆட்களை. எடை குறைக்கப் பின்னறைக் கவசத் தகடுகளைக்கூடக் கழற்றினார்கள். அந்த அறையில் பெரும்பாலும் பறந்தது ஒரு தொழில்நுட்ப உதவியாளர் மட்டுமே. சிப்பாய்களை மி-8 ஏற்றிக்கொண்டது, மி-24 கூடவே காவலுக்குப் பறந்தது. மில் எதை ஒன்றாக இணைக்க விரும்பினாரோ அதைப் போர் மறுபடி இரண்டாகப் பிரித்தது. சுற்றி வளைத்துக் கடைசியில் அமெரிக்கர்கள் வந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். 1986 செப்டம்பரில் ஜலாலாபாத் அருகே ஸ்டிங்கர் ஏவுகணைகள் முதன்முறை சுடப்பட்ட பிறகு தாழப் பறப்பதும் எடையும் இன்னும் பெரிய கணக்காகிவிட்டன.

அப்படியானால் டி.சி.எஸ்.ஸின் காலி அறை வரலாற்றுக்கு உண்மையானதுதானே?

முடிவு ஒன்றுதான், ஆனால் வந்த வழி வேறு. நிஜத்தில் அறை காலியானது ஒரு முடிவின் விளைவு. யாரோ தராசில் ஒரு தட்டில் ராக்கெட்டையும் இன்னொரு தட்டில் எட்டுப் பேரையும் வைத்துப் பார்த்தார்கள். ஆட்களை எடுத்தால் அவர்களைக் கவசம் குறைந்த மி-8-இல் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தே எடுத்தார்கள். விளையாட்டில் அந்தத் தராசே இல்லை. ராக்கெட் எடுத்துச் சென்றால் டாங்கியை உடைக்கலாம், புள்ளி கிடைக்கும். ஆள் ஏற்றினால் எடை மட்டும் கூடும். ஒரு தட்டில் ஒன்றுமே வைக்காமல் எடை போட்டால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2024 ஜூலையில் டி.சி.எஸ்.ஸுக்கு ஆப்கானிஸ்தான் நிலப்படமும் முன்னோட்டப் பதிப்பாக வந்துவிட்டது. வெயிலும் உயரமும் மெலிந்த காற்றும் இப்போது அதே இடத்திலேயே கிடைக்கின்றன. எட்டுப் பேரையும் விட்டுவிட்டுப் போக வேண்டிய காரணம் முழுதாக இருக்கிறது. விட்டுவிட்டுப் போகிறோம் என்ற உணர்வுதான் இல்லை.

இறக்கிவிட்ட பிறகு

ஆள் ஏற்றும் பணிகளை விளையாட்டுகள் எழுதும் விதத்திலேயே இன்னொரு வழுக்கல் இருக்கிறது. ஏற்று, பற, இறக்கு, திரும்பு. இறக்கியதும் திரையில் பணி முடிந்தது என்று வரும். நிஜத்தில் கதை தொடங்குவதே அங்கேதான்.

இதற்கு நமக்கு மிக அருகில், நம் மொழி பேசும் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1987 அக்டோபர் 11 இரவு, விடிந்தால் 12. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கியது. புலிகளின் தலைமையைப் பிடிப்பது திட்டம். பலாலியிலிருந்து வளாகத்துக்குச் சில நிமிடப் பறப்பு. போனவை மி-8-கள். முதலில் பாரா கமாண்டோக்கள், பிறகு 13-ஆம் சீக்கிய இலகு காலாட்படையினர் என்று நடை நடையாகக் கொண்டுபோக வேண்டும். கீழே காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் கடுமையாகச் சுடப்பட்டுச் சேதமடைந்தன. அடுத்தடுத்த நடைகள் நிறுத்தப்பட்டன. அதற்குள் சீக்கியப் பிரிவில் இறங்கியிருந்தவர்கள் 30 பேர். மீதிப் பேர் வரவே இல்லை. அந்த 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார்.

ஒரு சிமுலேட்டர் பணியாக இதை எழுதிப் பாருங்கள். அந்த 30 பேரை இறக்கிவிட்டுத் திரும்பிய விமானிகளுக்குத் திரையில் என்ன வரும்? பணி முடிந்தது. 30 பேர் இறக்கப்பட்டார்கள், வண்டி திரும்பியது. இயற்பியல்படி எல்லாம் சரி. மி-24-ஐ உருவாக்கும்போது மில் மனதில் இருந்த கேள்வியும் இதுதானே: இறக்கிவிட்டவர்களோடு கூடவே நின்று சுடுவது யார்? அதன் பிறகு இந்திய விமானப்படை யாழ்ப்பாணத்துக்கு மி-25-களைக் கொண்டுவந்தது. மி-24டி-யின் ஏற்றுமதிப் பெயர்தான் மி-25. 1995-இல் இலங்கை விமானப்படையும் மி-24 வாங்கியது.

இதைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டி.சி.எஸ். மி-24-இன் ஒலியமைப்பை எல்லோரும் புகழ்வார்கள். என்ஜின் எழும்பும் சத்தம், ரோட்டர் காற்றை அறுக்கும் சத்தம். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்த ஒருவரை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள். ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்கு ஓடு என்று பழகிய காதுக்கு அது வேறு ஒலி. அவர்கள் அந்த ஹெலிகாப்டரை ஒருபோதும் காக்பிட்டிலிருந்து பார்த்ததில்லை. டி.சி.எஸ்.ஸின் ஊர்களில் வீடுகள் உண்டு, சாலையில் வண்டிகள் ஓடும். வீட்டுக்குள் யாரும் கிடையாது. ராக்கெட் தவறி ஒரு தெருவில் விழுந்தால் கட்டடம் இடியும், அத்தோடு சரி. பின்னறையில் இருப்பவர்கள் எடையாக மட்டும் இருக்கிறார்கள் என்றேன். தரையில் இருப்பவர்கள் அதுகூட இல்லை.

என்ன செய்யலாம்

விளையாட்டில் ரத்தத்தையும் அழுகையையும் கூட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது மலிவான வழி. கேட்பது கணக்கு வைக்கச் சொல்லித்தான். டி.சி.எஸ். கணக்கில் கெட்டி.

ஒன்று, அறைக்குள் இருப்பவர்களுக்கு உடம்பு கொடுக்கலாம். எத்தனை விசையில் தரை மோதினால் சக்கரம் ஒடியும் என்று ஏற்கெனவே கணக்கிடுகிறார்கள். அதே விசையில் உள்ளே எத்தனை பேர் எழுந்து நடக்கும் நிலையில் இருப்பார்கள் என்று கணக்கிட அதிகம் ஆகாது. எட்டுப் பேர் ஏறி ஐந்து பேர் இறங்கினால் அடுத்த முறை நீங்கள் வேறு மாதிரி ஓட்டுவீர்கள்.

இரண்டு, இறக்கியபின் அவர்களை மறக்கக் கூடாது. இந்த விஷயத்தில் ரசிகர்கள் நிறுவனத்தைவிட முன்னால் போய்விட்டார்கள். சி.டி.எல்.டி. என்ற, ரசிகர்கள் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பலர் சேர்ந்து விளையாடும் சர்வர்களில் இதை வைத்து ஆட்களை இறக்கி இடங்களைப் பிடிக்கலாம், திரும்ப வந்து ஏற்றிக்கொண்டும் போகலாம். அங்கே மட்டும் மி-24 ஓட்டுபவர்கள் ராக்கெட்டைக் குறைத்து ஆள் ஏற்றுவதைப் பார்க்கலாம். தராசின் இரண்டாவது தட்டில் ஏதோ ஒன்று வைத்துவிட்டார்கள், முள் உடனே நகர்கிறது. அங்கும் சிப்பாய் ஒரு சதுரங்கக் காய்தான், மறுக்கவில்லை. ஆனால் காய்க்குக்கூட ஒரு மதிப்பு உண்டு. வெறும் எடைக்கு அதுவும் இல்லை.

மூன்று, அந்த எட்டில் ஒரு இருக்கையை விளையாடுபவருக்குத் திறந்துவிடலாம். எந்தப் பொத்தானும் இல்லாத ஒரு இருக்கை. ஒரு ஜன்னல் போதும். இதைச் செய்ய டி.சி.எஸ்.ஸின் அற்புதமான இயற்பியலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். அதே திருப்பம், அதே சரிவு, அதே விழுதல். உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு.

மி-24பி-யை வாங்கலாமா என்று கேட்டால், ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இயந்திரத்தைப் பற்றி அது உங்களிடம் பொய் சொல்லாது. போரைப் பற்றியும் சேர்த்து அது சொல்லிவிட்டதாக மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆயுதம் தாங்கிய ஒரு ஆளேற்றி ஹெலிகாப்டரில், ஆயுதத்தை முழுதாகச் செய்துவிட்டு ஆளேற்றியை எடைக் கணக்கில் முடித்திருக்கிறார்கள்.